நாற்காலிக்காரம்மாவின் பின்னால் போகாத வண்டி

என் மனைவியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நாற்காலிக்காரம்மா வீடு எது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணம், கூட்டம், பள்ளி விழா, துக்க வீடு, எதுவானாலும் மனிதர்கள் கூடினால் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார வேண்டுமானால் அவளுக்குப் போன் செய்தாக வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்பது மடக்கு மேசை, இவற்றைச் சுமக்க இருபத்து மூன்று வயதான ஒரு பிக்கப் வண்டி. அந்த வண்டிக்கு ஆறு வருடமாக ரிவர்ஸ் கியர் கிடையாது. ஆறு வருடமாக அதற்கு முன்னால் நின்று பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவன் நான்.

தொழிலை அவள் ஐம்பது நாற்காலியோடு ஆரம்பித்தாள். அப்போது வாடகை வண்டிதான். டிரைவர்கள் நாற்காலியை விசிறி எறிந்து கால் கையை உடைப்பதைப் பார்த்து ஒரு நாள் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டே மாதத்தில் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, இந்த வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டாள். நாற்காலிகளை இருபது இருபதாக அடுக்கிக் கயிறு போட்டு ஒரே இழுப்பில் கட்டிவிடுவாள். ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருப்பாள். பொட்டில்லாத நாற்காலி ஒன்று கலந்து வந்துவிட்டால் அதன் சொந்தக்காரரைத் தேடிக் கொடுக்கும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் நாற்காலி ஒன்று வெளியே தங்கிவிட்டால் தூக்கமும் வராது. பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கும் வராது, அவள் விடமாட்டாள்.

ரிவர்ஸ் போனது ஒரு பள்ளிக்கூட வாசலில். நாற்காலியை இறக்கிவிட்டுக் கியரை இழுத்தாள். அது தொளதொளவென்று வந்ததே தவிர வண்டி அசையவில்லை. மற்ற கியர் எல்லாம் ஒழுங்காக விழுந்தன. எங்கள் மெக்கானிக்கை ஊரில் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். எந்த வண்டியைக் காட்டினாலும், "திறந்து பாத்தாதான் சொல்ல முடியும்" என்பார். டயரில் காற்று இறங்கியதற்குக்கூட ஒருமுறை அப்படித்தான் சொன்னார். இதற்கும் அதையே சொன்னார். கியர் பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு வாரம் வண்டியை விட வேண்டும் என்றார். என் மனைவிக்கோ அடுத்த நாற்பது நாளும் புக்கிங். "இந்த சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாள். ஆறு வருடமாக அந்த சீசன் முடியவில்லை.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்திருந்தேன். இருபத்தேழு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஆணி முதல் மோட்டார் வரை எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு திங்கட்கிழமை தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு நாலு மாதம் வீட்டில் இருந்தேன். வீட்டில் முந்நூறு நாற்காலி, எனவே உட்கார இடப் பஞ்சம் இல்லை. காலையில் ஒன்றில் உட்காருவேன், சாயங்காலம் அதிலிருந்தே எழுவேன். அதிகம் பேசமாட்டேன், சவரம் செய்யமாட்டேன். ரிவர்ஸ் போன மறுநாள் அவள் என் முன்னால் வந்து நின்று, "ஏங்க, கொஞ்சம் கூட வாங்க. வண்டியத் தள்ள ஆள் வேணும்" என்றாள். அப்படித்தான் அந்த வண்டியில் பக்கத்து சீட்டு எனக்குக் கிடைத்தது.

பின்னால் போகாத வண்டியை வைத்துத் தொழில் செய்வது தனிக் கலை. யாராவது புக்கிங்குக்குப் போன் செய்தால், எத்தனை நாற்காலி, எந்தத் தேதி என்பதெல்லாம் அப்புறம். அவளுடைய முதல் கேள்வி, "உங்க தெருவுல இந்தப் பக்கம் நுழைஞ்சா அந்தப் பக்கம் வெளிய வரலாமா?" என்பதுதான். முட்டுச் சந்து என்றால் தெருமுனையில் இறக்கிவிட்டு, அவர்களையே ஆள் வைத்து நாற்காலியைத் தூக்கிப் போகச் சொல்வாள். இது ஏதோ பெரிய கம்பெனியின் விதிமுறை என்று நினைத்து ஜனங்களும் மரியாதையாக ஒப்புக்கொண்டார்கள். எங்கே வட்டமடித்துத் திரும்பலாம், எந்த மண்டபத்துக்கு இரண்டு வாசல் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வருடா வருடம் தகுதிச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோவோம். முன்னால் போகிறதா, நிற்கிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்த்தார்களே ஒழிய, பின்னால் போகுமா என்று இன்றுவரை எந்த அதிகாரிக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வேறு வழியே இல்லாத இடத்தில் நான் இறங்குவேன். அவள் நியூட்ரலில் போடுவாள். நான் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டு தள்ளுவேன். எங்கள் இருவருக்கும் இடையே மொத்தம் இரண்டே கட்டளைகள். அவள் "ம்" என்றால் தள்ள வேண்டும். "ஆங்" என்றால் நிறுத்த வேண்டும். இதில் பெரிய தொல்லை பரோபகாரிகள். வண்டி நின்றுபோய்விட்டது என்று நினைத்து நாலு பேர் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளுவார்கள். நான் முன்னாலிருந்து தள்ளுவேன். வண்டி நடுவில் தேமே என்று நிற்கும். "ஐயா, விடுங்கய்யா, இது பின்னாடி போகணும்" என்று நான் கத்த, "முதல்ல முன்னாடி எடுங்க சார், அப்புறம் பின்னாடி பாக்கலாம்" என்று அவர்கள் எனக்குப் புத்தி சொல்வார்கள். ஒருநாள் அரை மணி நேரம் ஊரே எனக்கு எதிராகத் தள்ளியிருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன மாதம் எனக்குக் குடலிறக்கம் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் என்றால் நிஜ டாக்டர். "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். கௌரவமாகச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நான் யோசிப்பதற்குள் என் மனைவி, "வண்டி தள்றாரு" என்றாள்.

"காய்கறி வண்டியா?"

"இல்லங்க. பிக்கப் வண்டி. பின்பக்கமா."

டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதினார் என்று தெரியவில்லை, ரொம்ப நேரம் எழுதினார். இனிமேல் ஜென்மத்துக்கும் தள்ளக்கூடாது, தூக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே வீட்டில் சபை கூடிவிட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் புது வண்டிக் கட்சி. "பழசத் தூக்கிப் போடுங்கம்மா. இப்பல்லாம் பின்னாடி கேமரா வச்சே வருது. அப்பா பாவம்" என்றாள். பழத்தோடு என்னைப் பார்க்க வந்த மெக்கானிக் டாக்டர் ரிப்பேர்க் கட்சி. "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. வித்தா வயிறு எரியும் அக்கா" என்றார். என் மனைவி எந்தக் கட்சியிலும் இல்லை. "ரெண்டும் வேணாம். சுத்திப் போனா போச்சு. இவர் தள்ள வேணாம், பக்கத்துல உக்காந்து வழி சொன்னா போதும்" என்றாள். ஆறு வருடத்தில் அவளுக்கு வழி சொல்ல நான் வாயைத் திறந்தபோதெல்லாம், வாயை மூடச் சொன்னவள் அவள்.

என் கட்சி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. ரிப்பேர் செய்தாலும் சரி, புதுசு வாங்கினாலும் சரி, வண்டி தானாகப் பின்னால் போக ஆரம்பித்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? நாற்காலி ஏற்ற இறக்க எங்களிடம் கூலிக்கு வரும் அண்ணன் தம்பி இரண்டு பேர் பைக்கில் வந்துவிடுவார்கள். கணக்கு அவளுக்கு விரல் நுனியில். நான் மறுபடியும் வீட்டில் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார வேண்டியதுதான். அந்த நாலு மாதத்தை நினைத்தாலே தையல் போட்ட இடத்தைவிட அதிகமாக வலித்தது.

அதனால் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். மகளிடம், "புது வண்டியெல்லாம் வெறும் தகரம்மா, தட்டினா ஒடுங்கிடும்" என்றேன். மெக்கானிக்கிடம், "இருபத்து மூணு வருஷ வண்டியத் திறந்தா மூட முடியுமா டாக்டர்?" என்றேன். இரண்டு கட்சியையும் இப்படிக் குழப்பிவிட்டு, நடுவில் நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தேன். சபை மூன்று வாரம் நடந்தது. நான் பாட்டுக்கு இதை மூன்று வருடம் இழுத்திருப்பேன். ஆனால் என் மகள் அவள் அம்மாவுக்குப் பிறந்தவள். ஒரு சனிக்கிழமை காலை, யாரையும் கேட்காமல், ஷோரூமில் புது வண்டியை ஓட்டிப் பார்க்க நேரம் வாங்கிவிட்டாள்.

ஷோரூமின் பின்பக்க முற்றத்தில் வெள்ளை வெளேரென்று நின்றது அந்த வண்டி. டை கட்டிய விற்பனையாளர் என் மனைவியை ஏற்றிவிட்டு, என் சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார். நானும் மகளும் வெளியே நின்றோம். என் சீட்டில் இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பூச்சட்டி வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "இப்ப ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கம்மா, கேமரா தெரியும்" என்று விற்பனையாளர் சொன்னது எனக்கும் கேட்டது.

என் மனைவி கியரில் கை வைத்தாள். நியூட்ரலில் போட்டாள். பிறகு நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் போனேன். யோசித்துப் போகவில்லை, கால்கள் போயின. பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் "ம்" என்றாள். நான் தள்ளினேன். புது வண்டி வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. எங்கள் பழைய வண்டியோடு ஒப்பிட்டால் இது காகிதம். உள்ளே விற்பனையாளர் திருதிருவென்று விழித்தார். "அம்மா, எஞ்சின் ஓடுதும்மா! கியர் இருக்கும்மா!" என்று அவர் பதற, அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஸ்டியரிங்கை ஒடித்தாள். பத்தடி போயிருப்போம்.

"அப்பா! ஆபரேஷன்!" என்று மகள் வீறிட்டாள்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் சுயநினைவு வந்தது. என் மனைவி ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் அது அவள் கையோடு வராதது அந்தக் கம்பெனியின் அதிர்ஷ்டம். இறங்கி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. அத்தனை பேர் முன்னால் என் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். தையல் பிரியவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்று நான் சொல்லச் சொல்ல, ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், அந்த முற்றத்தில் நின்று அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விற்பனையாளர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். புது வண்டியைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை.

மகளை வீட்டில் இறக்கிவிட்டு, எங்கள் பழைய வண்டியை என் மனைவி நேராக மெக்கானிக் கடைக்கு விட்டாள். கடையில் இறங்கி, "டாக்டர், அதைச் செஞ்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் டீ வாங்கப் போனாள்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. டாக்டர், "திறந்து பாத்தாதான் சொல்ல முடியும்" என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு மேசை இழுப்பறையைத் திறந்து, பொட்டலம் கட்டி வைத்திருந்த ஒரு சின்ன இரும்புப் பின்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். இருபது நிமிடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏறி உட்கார்ந்து கியர் போட்டார். வண்டி தானாகப் பின்னால் போனது. ஆறு வருடம் கழித்து அதைப் பார்க்க எனக்கு ஏதோ பேய் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

"டாக்டர், கியர் பாக்ஸ இறக்கணும்னீங்க?"

அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் உடைத்துவிட்டார். "அண்ணே, அது முதல் நாள் சொன்னது. அடுத்த மாசமே ஆயில் மாத்த வந்தப்ப கீழ படுத்துப் பாத்தேன். கியர் ராடு முனையில ஒரு பின் விழுந்திருக்கு, அவ்வளவுதான். இப்பவே போட்டுடறேன் அக்கான்னேன். அக்காதான், 'வேணாம் டாக்டர், அது அப்படியே இருக்கட்டும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாங்க. நானும் என்னைக்காவது கேப்பாங்கன்னு எடுத்து வச்சிருந்தேன்."

எனக்குத் தலைக்கேறியது. டீயோடு வந்தவளை அங்கேயே பிடித்துக்கொண்டேன். "ஒரு பின்னு! சுண்டு விரல் அளவு பின்னு! அதுக்கா ஆறு வருஷம் என்னை நடுரோட்டுல மாடு மாதிரி தள்ள விட்ட? எனக்குக் குடலே இறங்கிப்போச்சேடி!"

அவள் டீயை என் கையில் கொடுத்தாள். "குடல் இறங்கும்னு எனக்கு ஜோசியமா தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன். அதுக்குத்தான் மூணு வாரமா நான் தூங்கல."

"அப்ப எதுக்குடி மறைச்ச?"

"நாலு மாசம் ஒரே நாற்காலியில சுவத்தப் பாத்துட்டு இருந்தீங்க. கூப்பிட்டா திரும்பல. சாப்பாடு வச்சா சாப்பிட்டீங்க, வைக்கலன்னா கேக்கல. குடலுக்கு ஆபரேஷன் இருக்கு. அப்படி உக்காந்துட்டதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? வண்டி தள்ள வந்த முதல் நாள் வீட்டுக்கு வந்து கை கால் வலிக்குதுன்னு என்னைத் திட்டுனீங்க. நாலு மாசத்துல அன்னைக்குத்தான் வாயத் திறந்து பேசுனீங்க. அந்தப் பின்ன நான் எப்படிப் போடச் சொல்லுவேன்?"

டாக்டர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன். கோபம் போகவில்லை. கோபத்தை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். நான் மூன்று வாரம் சகுனி வேலை பார்த்ததை அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது, அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஒரு கூட்டத்துக்கு நூற்றைம்பது நாற்காலி. அண்ணனும் தம்பியும் ஏற்றிவிட்டுப் பைக்கில் முன்னால் போய்விட்டார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ட்டு வா. இப்பதான் கியர் இருக்கே" என்றேன். அவள் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள்.

எங்கள் வீட்டு கேட் குறுகல். வண்டிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கை நுழையும், அவ்வளவுதான். ஆறு வருடம் ரிவர்ஸ் எடுக்காதவள், எப்படியும் ஒரு தூணிலாவது இடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். இடித்தால் எழுந்துபோய்ப் பின்னால் நின்று, இந்தப் பக்கம் ஒடி, அந்தப் பக்கம் ஒடி என்று சொல்ல ஒரு வேலையாவது மிஞ்சும். அவள் ஒரே மூச்சில், எந்தத் தூணையும் உரசாமல், நூல் பிடித்த மாதிரி தெருவுக்குப் போய்விட்டாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

வண்டி போகவில்லை. தெருவில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தாள். நான் அசையவில்லை. மறுபடி அடித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எழுந்துபோனேன்.

"என்ன மறந்துட்ட?"

"ஏறுங்க, நேரமாச்சு."

"நான் எதுக்கு? தள்ள வேணாம். தூக்கக் கூடாது. பின்னாடி பாத்துச் சொல்லக்கூட ஆள் வேணாம் உனக்கு. நான் வந்து என்ன செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்திருங்க."

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு வீடு இல்லையா?"

அவள் என்னைப் பார்க்காமல், கை நீட்டிப் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டாள்.

"வீட்டுல நான் இருக்க மாட்டேனே" என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். "பெல்ட்டப் போடுங்க" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.